அளக்கப்பட்ட காற்றும் அளக்கப்படாத காற்றும்: மலாக்காத் தோட்டப்புறங்களை முன்வைத்து மலேசியக் காற்றுக் கண்காணிப்பின் வரலாறு

முன்னுரை

மலாக்கா நகருக்கு வடக்கே அமைந்த பத்து பெரண்டாம் இன்று விமான நிலையத்தாலும் சுதந்திர வர்த்தக மண்டலத்தாலும் அடுத்தடுத்து எழுந்த குடியிருப்புகளாலும் அறியப்படும் ஊர். புகைமூட்டக் காலங்களில் இவ்வூர் மக்கள் தம் காற்றின் நிலையை அறிய விரும்பினால் வேறோர் இடத்தின் எண்ணையே பார்க்க வேண்டியுள்ளது. மலாக்கா மாநிலத்தில் அரசின் தொடர் கண்காணிப்பு நிலையங்கள் புக்கிட் ரம்பாய், மலாக்கா நகரம், அலோர் காஜா ஆகிய மூன்று இடங்களிலேயே உள்ளன. ஏனைய ஊர்களுக்கும், ஜாசின் மாவட்டத்தின் பரந்த தோட்டப்புறங்களுக்கும், இந்த மூன்று எண்களுள் ஒன்றே வழிகாட்டி.

இதனை வசதிக்குறைவு என்று மட்டும் கொள்வது போதாது. காற்றைக் கண்காணித்தல் என்பது கருவியியலைச் சார்ந்தது போலத் தோன்றினாலும் அதன் அடிப்படையில் மூன்று முடிவுகள் இருக்கின்றன. எதை அளப்பது, எங்கே அளப்பது, அளந்ததை யாருக்குச் சொல்வது என்பன அவை. இம்மூன்றும் அறிவியலால் மட்டும் முடிவு செய்யப்படுவன அல்ல. அரசு எவற்றைக் கேடு என்று கருதியது, எவருடைய நலத்தைத் தன் பொறுப்பாக ஏற்றது என்பவற்றைப் பொறுத்தவை. மலேசியத் தமிழரின் பெரும்பகுதியினர் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் வாழ்ந்த தோட்டப்புறம் இம்முடிவுகளில் எவ்விடம் பெற்றது என்பதை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

புகை தொழிலாக இருந்த காலம்

மலாயாவில் வணிக நோக்கிலான ரப்பர்ப் பயிரீடு மலாக்காவிலேயே தொடங்கியது. 1896-ஆம் ஆண்டில் டான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் கன்றுகளை நட்டார். அடுத்து புக்கிட் அசகானில் பெரிய அளவில் பயிரீட்டை விரிவாக்கினார். பின்னர் ஜாசின், அலோர் காஜா வட்டாரங்களில் தோட்டங்கள் பெருகின. தென்னிந்தியத் தொழிலாளர் அத்தோட்டங்களின் லயன் வீடுகளில் குடியேறினர்.

அக்காலத் தோட்டத்தில் புகை என்பது கேடாகக் கருதப்படவில்லை. அது உற்பத்தியின் ஒரு படிநிலை. மரத்தில் வெட்டியெடுத்த பால், அமிலம் சேர்த்து உறைய வைக்கப்பட்டு, உருளைகளிடையே அழுத்தித் தாளாக்கப்படும். அத்தாள்கள் புகைக்கூடத்தில் தொங்கவிடப்பட்டுப் பல நாள்கள் ரப்பர் விறகின் வெப்பத்திலும் புகையிலும் உலர்த்தப்படும். தாளில் பூசணம் பிடிக்காமல் காத்தது அப்புகையே. புகையூட்டிய தாளுக்கெனத் தரவரிசையும் உலகச் சந்தையில் விலையும் இருந்தன. ஆகவே தாளின் நிறமும் தூய்மையும் நுணுக்கமாகச் சோதிக்கப்பட்டன. புகைக்கூடத்துக்குள் சென்று வந்தவர் சுவாசித்த காற்றோ எவராலும் சோதிக்கப்படவில்லை.

தோட்டத் தொழிலாளரின் உடல்நலத்தைக் குடியேற்ற அரசு முற்றிலும் புறக்கணித்தது என்று கூறுவதற்கில்லை. தொழிலாளர் இறப்பு உற்பத்தியைப் பாதித்ததால் குடிநீர், கழிவறை, வடிகால், மருத்துவமனை ஆகியவை குறித்துச் சட்டங்கள் வந்தன. இங்குக் கவனத்திற்குரிய ஒன்றுண்டு. மலேரியா என்னும் சொல்லே கெட்ட காற்று எனப் பொருள்படும் இத்தாலியத் தொடரிலிருந்து பிறந்தது. சதுப்பு நிலத்திலிருந்து எழும் நச்சுக் காற்றே காய்ச்சலுக்குக் காரணம் என நெடுங்காலம் நம்பப்பட்டது. 1897-இல் செகந்தராபாத்தில் ரொனால்டு ராஸ் கொசுவின் உடலில் மலேரியா நுண்ணுயிரைக் கண்டறிந்ததும் அந்நம்பிக்கை நொறுங்கியது. கவனம் தேங்கிய நீர்மீதும் வடிகால்மீதும் திரும்பியது. அதனால் எண்ணற்ற உயிர்கள் காக்கப்பட்டன. அதே வேளையில், தோட்ட மருத்துவத்தின் கண்ணிலிருந்து காற்று பெரும்பாலும் மறைந்துபோனது எனலாம்.

பிரித்தானிய அரசு புகைச் சட்டங்களை அறியாததன்று. இங்கிலாந்தில் 1863-ஆம் ஆண்டின் காரத் தொழிற்சாலைச் சட்டம், ஆலைகள் வெளியேற்றும் அமில வளியைக் கட்டுப்படுத்தவும் அதனைச் சோதிக்க ஆய்வாளரை அமர்த்தவும் வகை செய்தது. இந்தியாவில் 1905-இல் வங்காளத்துக்கும் 1912-இல் பம்பாய்க்கும் புகைத் தொல்லைச் சட்டங்கள் இயற்றப்பட்டன. ஆயினும் இவை நகரத்தின் சட்டங்கள். ஆலைப்புகை நகரவாசிகளுக்கு இடையூறு விளைவிப்பதைத் தடுப்பதே அவற்றின் நோக்கம். தோட்டமோ தனியார் நிலம். முதலாளியும் வீட்டுக்காரரும் அங்கு ஒருவரே. புகையால் இடையூறு எனத் துரையிடம் முறையிட்டவர் வேலையையும் வீட்டையும் ஒருங்கே இழக்க நேரிடும். இடையூறு என்ற சட்டக் கருத்து தோட்டத்துக்குள் உயிர்பெறாமைக்கு இதுவே தலையாய காரணமாகும்.

1974: இரண்டு சட்டங்கள்

1952 டிசம்பரில் இலண்டனைச் சூழ்ந்த நச்சுப் பனிப்புகை ஆயிரக்கணக்கானோரின் உயிரைப் பறித்தது. அதன் விளைவாக 1956-இல் இங்கிலாந்தில் தூய காற்றுச் சட்டம் பிறந்தது. 1970-இல் அமெரிக்கா விரிவான தூய காற்றுச் சட்டத்தை இயற்றியது. 1972-இல் ஸ்டாக்ஹோமில் ஐக்கிய நாடுகளின் மானிடச் சுற்றுச்சூழல் மாநாடு நடைபெற்றது. இவ்வலையின் தொடர்ச்சியாகவே மலேசிய நாடாளுமன்றம் சுற்றுச்சூழல் தரச் சட்டம் 1974-ஐ நிறைவேற்றியது. அதனைச் செயற்படுத்தும் அரசுப் பிரிவு 1975-இல் அமைக்கப்பட்டது. அதுவே இன்றைய சுற்றுச்சூழல் துறை.

நாட்டின் பொருளாதாரமும் அப்போது உருமாறிக்கொண்டிருந்தது. 1971-ஆம் ஆண்டின் சுதந்திர வர்த்தக மண்டலச் சட்டத்தைத் தொடர்ந்து பத்து பெரண்டாமிலும் அத்தகைய மண்டலம் உருவானது. ஜெர்மனியின் சீமென்ஸ் நிறுவனம் 1973-இல் மலாக்காவில் மின்னணுத் தொழிற்கூடத்தை நிறுவியது. அது இன்று இன்ஃபினியான் என்னும் பெயரில் பத்து பெரண்டாமில் இயங்குகிறது. தோட்டத்துப் பிள்ளைகள், குறிப்பாக இளம்பெண்கள், வெட்டுக்கத்தியை விட்டுத் தொழிற்கூடப் பேருந்தில் ஏறிய காலம் அது.

புதிய சட்டத்தின் கீழ் முதலில் வந்த விதிமுறைகள் தோட்டத் தொழிலையே குறிவைத்தன. 1977-இல் செம்பனை எண்ணெய் ஆலைகளுக்கும் 1978-இல் இயற்கை ரப்பர் ஆலைகளுக்கும் உரிமமுறை விதிகள் வந்தன. ஆனால், அவற்றின் முதன்மை நோக்கம் ஆற்றில் கலக்கும் கழிவுநீர். காற்றுக்கெனத் தனியே தூய காற்று விதிமுறைகள் 1978-இல் வெளியாயின. ஆலைப் புகைபோக்கியிலிருந்து வெளிவரும் புகையின் கருமையை ரிங்கல்மன் அட்டையோடு ஒப்பிட்டு மதிப்பிடும் முறை அதில் இடம்பெற்றது. வெண்மை முதல் கருமை வரை படிப்படியாகச் சாம்பல் நிறம் கூடும் அவ்வட்டையைக் கையில் ஏந்தி, அதிகாரி புகைபோக்கியை நோக்கி நிற்பார். ஆய்வகமின்றிக் கண்ணால் அளக்கும் எளிய முறை அது. கண்ணுக்குத் தெரியும் கரும்புகையைக் குறைக்க அது உதவியது. கண்ணுக்குத் தெரியாதவற்றைப் பற்றி அதனால் ஒன்றும் கூற இயலவில்லை.

அதே 1974-ஆம் ஆண்டில் பூச்சிக்கொல்லிச் சட்டமும் இயற்றப்பட்டது. அது வேளாண்மைத் துறையின் பொறுப்பில் விடப்பட்டது. எந்த மருந்தை இறக்குமதி செய்யலாம், உற்பத்தி செய்யலாம், விற்கலாம் என்பதைப் பதிவுமுறையால் அது ஒழுங்குபடுத்தியது. ஒரே ஆண்டில் பிறந்த இவ்விரு சட்டங்களுக்கும் இடையிலேதான் தோட்டத்தின் காற்று விழுந்தது. சுற்றுச்சூழல் சட்டம் ஆலையின் புகைபோக்கியைப் பார்த்தது. பூச்சிக்கொல்லிச் சட்டம் புட்டியையும் அதன் முகப்புச் சீட்டையும் பார்த்தது. வேலையிடக் காற்றைப் பொறுத்தவரை 1967-ஆம் ஆண்டின் தொழிற்சாலை, இயந்திரச் சட்டம் கூரைக்குக் கீழே இயங்கும் ஆலைக்கே பெரிதும் பொருந்தியது. விவசாயத்தையும் தழுவிய தொழில்சார் பாதுகாப்பு, உடல்நலச் சட்டம் 1994-இல்தான் வந்தது. மரங்களுக்கிடையே தெளித்த மருந்து காற்றில் மிதந்து லயன் வீட்டு வாசலை அடைந்தபோது அது வேலையிடக் காற்றா, வெளிக்காற்றா? தோட்டத்தில் வேலையிடமும் வீடும் ஒரே நிலம். அவ்விரண்டையும் பிரித்து எழுதப்பட்ட சட்டங்களில் இவ்வினாவுக்குத் தெளிவான விடை இல்லை.

மருந்துக் காற்று

தோட்டங்களில் களைக்கொல்லி தெளிக்கும் வேலையை மருந்தடித்தல் என்றே தமிழர் வழங்கினர். நஞ்சினை மருந்து என்ற சொல்லால் அழைத்த இவ்வழக்கு அதன் தீங்கை மறைக்கத் துணைபோயிருக்கக்கூடும். முதுகில் தெளிப்பானைச் சுமந்து வெட்டுக்காட்டிலும் செம்பனைத் தோப்பிலும் நடந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். 1960-களின் பிற்பகுதி முதல் தோட்டங்கள் ரப்பரிலிருந்து செம்பனைக்கு வேகமாக மாறின. களையெடுக்கும் முறையும் கையிலிருந்து மருந்துக்கு மாறியது.

தெனகானித்தா என்னும் மகளிர் அமைப்பு, தோட்டங்களில் மருந்தடிக்கும் பெண்களின் உடல்நலம் குறித்து மேற்கொண்ட ஆய்வினை 2002-இல் வெளியிட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் பாராகுவாட் களைக்கொல்லியைப் படிப்படியாகத் தடைசெய்வதாக அரசு அறிவித்தது. 2006-இல் அத்தடை தளர்த்தப்பட்டது. முழுமையான தடை 2020 ஜனவரி முதல் நாளன்றுதான் நடைமுறைக்கு வந்தது. அறிவிப்புக்கும் நிறைவேற்றத்துக்கும் இடையே 17 ஆண்டுகளுக்கு மேல் கடந்தன.

இவ்விடைவெளிக்குப் பல காரணங்கள் உண்டு. தோட்ட நிறுவனங்களின் செலவுக் கணக்கும் மாற்று மருந்துகள் பற்றிய விவாதமும் அவற்றுள் அடங்கும். ஆயினும் நம் ஆய்வுக்கு முதன்மையானது சான்றின் தன்மை. நகரக் காற்றைப் பற்றிய வாதத்தில் நிலையத்தின் எண் சான்றாக நிற்கிறது. மருந்தடித்தோர் தம் பக்கம் வைக்க முடிந்தவை உதிரும் நகங்களும், மூக்கில் வழிந்த குருதியும், தோட்ட மருந்தகத்தில் பெற்ற மாத்திரையும்தாம். தொடர்ச்சியாக அளக்கப்பட்ட எண் எதுவும் அவர்களிடம் இல்லை. அளக்கப்படாத துன்பத்துக்கு ஆவணமில்லை; ஆவணமில்லாத துன்பம் ஒவ்வொரு முறையும் புதிதாக மெய்ப்பிக்கப்பட வேண்டியதாகிறது.

கருவியும் குறியீடும்

மலேசியா 1989-இல் காற்றுத் தர வழிகாட்டி அளவுகளை வகுத்தது. 10 மைக்ரோமீட்டருக்கு மேற்படாத விட்டமுடைய நுண்துகள்களுக்கு, ஒரு கன மீட்டர் காற்றில் 24 மணிநேரச் சராசரியாக 150 மைக்ரோகிராம், ஆண்டுச் சராசரியாக 50 மைக்ரோகிராம் என வரம்பு குறிக்கப்பட்டது. 1995-இல் கண்காணிப்புப் பணி நீண்டகாலச் சலுகை ஒப்பந்தத்தின்வழி ஆலாம் செகித்தார் மலேசியா என்னும் தனியார் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. நாளடைவில் நாடெங்கும் 52 தானியங்கி நிலையங்கள் கொண்ட வலையமைப்பு உருவாயிற்று. மலாக்காவுக்கு அவ்வலையமைப்பில் கிடைத்தவை இரண்டு: புக்கிட் ரம்பாயும் மலாக்கா நகரமும். 2017-இல் வேறொரு நிறுவனத்தின் பொறுப்பில் வலையமைப்பு புதுப்பிக்கப்பட்டபோது நிலையங்களின் எண்ணிக்கை 60-ஐக் கடந்தது. அலோர் காஜா சேர்ந்தது.

நிலையங்கள் தொழிற்பகுதி, நகரம், புறநகர், நாட்டுப்புறம் என வகுக்கப்பட்டுள்ளன. மாசு மூலங்களிலிருந்து விலகிய பின்புலக் காற்றை அறியப் பகாங்கின் ஜெராண்டுட்டில் ஒரு நிலையம் உண்டு. தோட்டப்புறம் என்றொரு வகை இப்பட்டியலில் இல்லை. மக்கள்தொகையும் ஆலைகளும் மிகுந்த இடத்தில் விலைமிகுந்த கருவியை நிறுவுவது நியாயமே என வாதிடலாம். அவ்வாதத்தில் பொருளுண்டு. ஆயினும் நாட்டின் ஏற்றுமதி வருவாயை நெடுங்காலம் தாங்கிய தோட்டத் தொழிலாளரின் குடியிருப்பு, நாட்டுப்புறம் என்ற பொதுப்பெயருக்குள் கரைந்துபோனதையும் நாம் குறித்துக்கொள்ள வேண்டும். நாட்டுப்புறக் காற்று தூயது என்னும் முற்கோள் தோட்டத்துக்குப் பொருந்துமா என்பது சோதிக்கப்படாமலேயே ஏற்கப்பட்டது.

இன்று நாம் செய்திகளில் கேட்கும் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு, அமெரிக்காவின் குறியீட்டு முறையைத் தழுவி 1996-இல் நடைமுறைக்கு வந்தது. மாணவர்க்கு விளக்கும் ஆசிரியர்கள் அதன் இயல்பை அறிந்திருத்தல் நன்று. கந்தக டைஆக்சைடு, நைட்ரசன் டைஆக்சைடு, கார்பன் மோனாக்சைடு, தரைமட்ட ஓசோன், இருவகை நுண்துகள் ஆகியவை தனித்தனியே அளக்கப்படுகின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு துணைக்குறியீடு கணிக்கப்படும். அவற்றுள் எது உயர்ந்ததோ அதுவே அவ்விடத்தின் குறியீடாக அறிவிக்கப்படும், அது சராசரியன்று. 50 வரை நன்று. 51 முதல் 100 வரை மிதம். 101 முதல் 200 வரை உடல்நலத்துக்குக் கேடு. 201 முதல் 300 வரை மிகுந்த கேடு. 300-க்கு மேல் அபாயம். 500-ஐத் தாண்டினால் அவசரநிலை அறிவிக்கப்படலாம். நுண்துகள்களுக்கான கணக்கு 24 மணிநேரச் சராசரியை அடிப்படையாகக் கொண்டது. ஆதலால் திடீரெனப் புகை சூழும்போது கண்ணும் தொண்டையும் முதலில் உணர்கின்றன. குறியீடு பின்னரே உயர்கிறது. புகை விலகிய பின்னும் அது சிறிது நேரம் உயர்ந்தே நிற்கும்.

எண் மறைந்த ஆண்டுகள்

குறியீடு அறிமுகமான மறு ஆண்டே பெரும் சோதனை வந்தது. 1997-இல் சுமத்ரா, கலிமந்தான் பகுதிகளில் மூண்ட காட்டுத்தீயும் கரிநிலத் தீயும் வட்டாரத்தையே புகையில் ஆழ்த்தின. செப்டம்பர் 19-ஆம் நாள் சரவாக்கில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. செப்டம்பர் 23-இல் கூச்சிங்கில் குறியீடு 839-ஐ எட்டியது. அவ்வாண்டு நவம்பரில், உயர்கல்வி நிலைய ஆய்வாளர்கள் புகைமூட்டம் பற்றிப் பொதுவெளியில் கருத்துரைக்கக் கூடாதென அரசு பணித்தது. நாட்டின் பெயரும் சுற்றுலா வருவாயும் கெடும் என்ற அச்சமே இதற்குக் காரணமாகக் கூறப்பட்டது. தொடர்ந்து வந்த ஆண்டுகளில் குறியீட்டு எண்களைப் பொதுமக்களுக்கு வெளியிடும் வழக்கமும் கைவிடப்பட்டது.

கருவிகள் அந்த ஆண்டுகளிலும் இயங்கின; எண்கள் பதிவாயின; ஆனால், மக்களுக்குத் தெரிவிக்கப்படவில்லை. காலை ஒன்றுகூடலைத் திடலில் நடத்தலாமா என முடிவெடுக்க வேண்டிய தலைமையாசிரியர், ஆஸ்துமா உள்ள குழந்தையின் தாய், சாலையோர வணிகர் எவருக்கும் எண் கிட்டவில்லை. அளவிடுதல் மட்டுமே பாதுகாப்பாகிவிடாது என்பதை இக்காலம் உணர்த்துகிறது. அளந்ததை அறியும் உரிமை இல்லையேல் கண்காணிப்பு அரசின் உள்விவகாரமாகச் சுருங்கிவிடுகிறது. பல்கலைக்கழகத்தைச் சார்ந்தோர்க்கு இவ்வத்தியாயம் தனிப்பட்ட பொருளுடையது. காற்றைப் பற்றி அறிந்தவர் பேசக்கூடாதென்ற நிலை, காற்றை அளக்காத நிலையிலிருந்து விளைவில் அதிகம் வேறுபடுவதில்லை.

2005 ஆகஸ்டில் நிலைமை மாறியது. மீண்டும் சூழ்ந்த கடும் புகைமூட்டத்தின்போது துன் அப்துல்லா அகமது படாவி தலைமையிலான அரசு குறியீட்டு எண்களை வெளியிட முடிவு செய்தது. ஆகஸ்டு 11-ஆம் நாள் கிள்ளான் துறைமுகம், கோலசிலாங்கூர் ஆகிய பகுதிகளில் குறியீடு 500-ஐத் தாண்டியதால் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. எண்ணை வெளியிட்டதால் நாட்டின் பெயர் அழிந்துவிடவில்லை. முகக்கவசம் அணிவதும், பள்ளிகளை மூடுவதும், வெளிப்பணிகளை நிறுத்துவதும் காரணம் விளங்கிய செயல்களாயின. இன்று அதே குறியீடு மணிக்கொரு முறை இணையத்தில் வெளியாகிறது.

எல்லை கடந்த புகை

தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் ரியாவ் கரிநிலத்தின் புகை மலாக்கா நீரிணையைக் கடந்து வருகிறது. 2013 ஜூன் 23-ஆம் நாள் மூவாரில் குறியீடு 746-ஐ எட்டியது. மூவார், லேடாங் மாவட்டங்களில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. மூவார் மலாக்காவின் அண்டை ஊர். ஜாசின் மாவட்டத்துத் தோட்டங்களுக்கு அருகிலுள்ள நகரங்களுள் அதுவும் ஒன்று. மலாக்காப் பள்ளிகளும் அந்நாள்களில் மூடப்பட்டன.

வேற்று நாட்டில் மூளும் தீக்கு உள்நாட்டுச் சட்டம் எவ்வாறு விடை காணும்? ஆசியான் நாடுகள் எல்லை கடந்த புகைமூட்டத் தூய்மைக்கேட்டு உடன்படிக்கையில் 2002 ஜூனில் கோலாலம்பூரில் கையெழுத்திட்டன. 2003 நவம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. தீயின் களமாகிய இந்தோனேசியா 2014-இல்தான் அதற்கு நாடாளுமன்ற ஒப்புதல் அளித்தது. உடன்படிக்கையில் தண்டனைக்கு இடமில்லை. சிங்கப்பூர் அதே 2014-இல், புகைக்குக் காரணமான நிறுவனம் எந்நாட்டில் இயங்கினாலும் வழக்குத் தொடர இடமளிக்கும் தனிச்சட்டத்தை இயற்றியது.

உள்நாட்டில் தோட்டத்துறையே ஒரு தீர்வையும் தந்துள்ளது என்பதைப் பதிவு செய்தல் நேர்மையாகும். பழைய மரங்களை வீழ்த்தி எரித்துவிட்டு மறுநடவு செய்வது முன்னாள் வழக்கம். 1980-களின் இறுதியில் கோல்டன் ஹோப் நிறுவனம் மரங்களைத் துண்டாக்கி நிலத்திலேயே மட்கவிடும் எரிப்பற்ற மறுநடவு முறையை உருவாக்கியது. 1992-இல் அதற்கு ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டத்தின் குளோபல் 500 விருது கிடைத்தது. 1998-ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் திறந்தவெளி எரிப்பைத் தனிக் குற்றமாக்கி, 500,000 ரிங்கிட் வரை தண்டமும் ஐந்தாண்டு வரை சிறையும் விதிக்க வகை செய்தது.

2013-இல் வகுக்கப்பட்ட புதிய காற்றுத் தர அளவுகளில்தான் 2.5 மைக்ரோமீட்டருக்கு மேற்படாத நுண்துகள் முதன்முறையாக இடம்பெற்றது. நுரையீரலின் ஆழம்வரை ஊடுருவவல்லது இதுவே. மூன்று கட்டங்களாக இறுக்கப்பட்ட அவ்வளவு 2020-இல் ஆண்டுச் சராசரி 15 மைக்ரோகிராம், 24 மணிநேரச் சராசரி 35 மைக்ரோகிராம் என நிலைபெற்றது. உலகச் சுகாதார நிறுவனம் 2021-இல் தன் பரிந்துரையை முறையே 5, 15 மைக்ரோகிராம் எனக் குறைத்தது. 1978-ஆம் ஆண்டு விதிமுறைகளுக்கு மாற்றாக 2014-இல் புதிய தூய காற்று விதிமுறைகள் வந்தன. அவை தொழில்வகைக்கேற்ப வெளியேற்ற வரம்புகளை வரையறுத்தன. நுண்துகளின் இச்சிறு வகை 2018-இல் குறியீட்டுக் கணிப்பிலும் சேர்ந்தது. கருமை அட்டையை ஏந்தி நின்ற காலத்திலிருந்து இது நெடுந்தொலைவு என்பதில் ஐயமில்லை.

குறியீடு காணாதவை

முன்னேற்றத்தின் எல்லையை 2019 மார்ச்சில் ஜோகூரின் பாசிர் கூடாங் காட்டியது. கிம் கிம் ஆற்றில் சட்டவிரோதமாகக் கொட்டப்பட்ட வேதிக்கழிவிலிருந்து எழுந்த ஆவியால் ஆயிரக்கணக்கானோர் பாதிக்கப்பட்டனர். அவர்களுள் பள்ளி மாணவர் பலர். மாவட்டத்தின் 111 பள்ளிகள் மூடப்பட்டன. காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு இத்தகைய கரிம ஆவிகளைக் கணக்கிடுவதன்று. குழந்தைகள் மயங்கி விழும் வேளையிலும் குறியீடு மிதம் என்றே காட்டக்கூடும். ஆறு பொருள்களை அளக்கும் கருவி ஏழாவது பொருளைப் பற்றி மௌனம் காக்கும்; அந்த மௌனத்தைப் பாதுகாப்பு எனப் பொருள் கொள்வதே ஆபத்து. 2024-இல் சுற்றுச்சூழல் தரச் சட்டம் மீண்டும் திருத்தப்பட்டுத் தண்டனைகள் உயர்த்தப்பட்டன.

பாசிர் கூடாங் நிகழ்வு ஒரே வாரத்தில் நாடறிந்த செய்தியாயிற்று. தோட்டங்களில் அதனையொத்த ஒன்று, மெதுவாக, பல பத்தாண்டுகளாக நடந்தது. அங்கும் நஞ்சு குறியீட்டின் பட்டியலுக்கு வெளியே இருந்தது. அங்கும் முதலில் உணர்ந்தது உடலே. வேறுபாடு ஒன்றுதான். ஒரே நாளில் நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனைக்குச் சென்றால் அது பேரிடர். நாளொன்றுக்கு ஒருவராக முப்பது ஆண்டுகள் சென்றால் அது வாழ்க்கை எனக் கொள்ளப்படுகிறது.

முடிவுரை

மலேசியக் காற்றுக் கண்காணிப்பின் வரலாறு பெரும்பாலும் விரிவாக்கத்தின் வரலாறே. அளக்கப்படும் பொருள்கள் கூடின, நிலையங்கள் பெருகின, மறைக்கப்பட்ட எண் மக்களிடம் வந்தது. இவ்விரிவாக்கம் தானாக நிகழவில்லை என்பதும் இவ்வரலாற்றிலிருந்து புலனாகிறது. கரும்புகை கண்ணில் பட்டபோது விதி வந்தது. நகரம் மூச்சுத்திணறியபோது எண் வெளிவந்தது. பள்ளிக் குழந்தைகள் வீழ்ந்தபோது தண்டனை உயர்ந்தது. அரசின் பார்வை எட்டும் இடத்தில் துன்பம் தென்பட வேண்டியிருந்தது. தோட்டம் அப்பார்வைக்கு வெளியே இருந்தது. இன்று பல தோட்டங்கள் துண்டாடப்பட்டுக் குடியிருப்புகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறிவிட்டன. அங்கு நிலவிய காற்றை இனி எக்கருவியாலும் அளக்க இயலாது.

எனினும் அதனை அறிந்தோர் இன்னும் நம்மிடையே உள்ளனர். புகைக்கூடத்தில் தாள் அடுக்கியவர்களும் மருந்துத் தெளிப்பானைச் சுமந்தவர்களும் இப்போது முதுமையில் இருக்கின்றனர். எந்த ஆண்டு எந்த மருந்து வந்தது, எத்தனை மணிக்குத் தெளித்தனர், காற்று எப்பக்கம் வீசியது, துணியால் முகத்தைக் கட்டிக்கொள்ள எவர் கற்றுத்தந்தார் என்பனவெல்லாம் அவர்களின் நினைவிலேயே உள்ளன. அரசு ஆவணங்கள் இல்லாத இடத்தில் வாய்மொழிச் சான்று துணைச்சான்று அன்று, அதுவே முதற்சான்று. இந்திய ஆய்வியல் துறைகளின் மாணவர்கள் தம் பட்டப்படிப்பு ஆய்வேடுகளுக்கு இத்துறையைத் தேர்ந்தால், சில ஆண்டுகளில் மறையவிருக்கும் அறிவு காக்கப்படும்.

தமிழாசிரியர்க்கும் இதில் பங்குண்டு. குறியீடு 100-ஐத் தாண்டினால் வெளிப்புற நடவடிக்கைகளை நிறுத்துவதும் 200-ஐ எட்டினால் பள்ளியை மூடுவதும் அண்மைய ஆண்டுகளில் கல்வியமைச்சு வகுத்துள்ள நடைமுறை. தம் பள்ளிக்கு மிக அருகிலுள்ள நிலையம் எது, அது எத்தனை கிலோமீட்டர் தொலைவில் உள்ளது, அதன் எண் எவற்றை அளக்கிறது, எவற்றை அளப்பதில்லை என்பவற்றை மாணவர் தமிழில் கற்றுத் தமிழில் எடுத்துரைக்க வேண்டும். தூய்மைக்கேடு, நுண்துகள், குறியீடு, வரம்பு ஆகிய சொற்கள் தேர்வுத்தாளில் முடங்காமல் வீட்டுப் பேச்சில் புழங்கினால், மருந்து என்று வழங்கப்பட்டதை நஞ்சு என்று பெயரிட்டு அழைக்கும் தெளிவும் நம் சமூகத்துக்குப் பிறக்கும்.